பதறாத காரியம் சிதறாது

வீடும் விஞ்ஞானமும்

இவ்வாரம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று தாயார் ஒருவர் எழுதியது. அதன் சாரம் வருமாறு:

“எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினியும் ஒரு விளையாட்டுப் பெட்டியும் இருக்கின்றன. இரண்டும் பழையவை. கணினி ஆமை போல நடக்கிறது. விளையாட்டுப் பெட்டியோ அரை மணி நேரம் ஓடியதும் இரைந்து, சூடேறி, தானாகவே அணைந்துவிடுகிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகன் இரண்டையும் தானே கழற்றிச் சீர்செய்வதாகச் சொல்கிறான். அவனுடைய தகப்பனாரோ, உழைத்து வாங்கிய பொருளைப் பழுதாக்க விடமாட்டேன் என்கிறார். ஒரு வாரமாக இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. யார் பக்கம் நியாயம் என்று எழுதுங்கள்.”

அம்மையீர்! இவ்வழக்கில் இரு பக்கமும் நியாயம் உண்டு. மகனுக்கு ஆர்வம் இருக்கிறது. தகப்பனாருக்கு அனுபவம் இருக்கிறது. ஆர்வம் மட்டும் தனித்து நின்றால் பொருள் கெடும். அச்சம் மட்டும் தனித்து நின்றால் பிள்ளையின் கை கெடும். ஆகவே, எதைத் திறக்கலாம், எதைத் திறத்தல் ஆகாது, திறக்குமுன் செய்ய வேண்டுவது யாது என்பவற்றை ஒழுங்காக எடுத்துச் சொல்வதே எமது கடமை. அதன் பின்னர் தீர்ப்பு தானே விளங்கும்.

பழைய வழக்கு

இந்தத் தந்தை மகன் வழக்கு உங்கள் வீட்டில் மாத்திரம் நடப்பதன்று. கணினி வீட்டுக்கு வந்த நாளிலேயே தொடங்கியது. 1977ஆம் ஆண்டில் ஆப்பிள் 2 என்னும் கணினியை ஆக்கியபோது, அதனை அமைத்த ஸ்டீவ் வொஸ்னியாக் என்பவர், புதிய பலகைகளைச் செருகுதற்கு 8 இடங்கள் வேண்டும் என்றார். அவருடைய கூட்டாளியான ஸ்டீவ் ஜொப்ஸ், இரண்டே போதும் என்றார். வொஸ்னியாக் விட்டுக்கொடுக்கவில்லை, எட்டும் வைக்கப்பட்டன. திருப்புளி இன்றியே மூடியைக் கழற்றக்கூடியதாக அக்கணினி அமைந்தது. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியிலும் இவ்வாறான 5 இடங்கள் இருந்தன. ஆனால் 1984இல் வந்த மக்கின்ரொஷ் கணினியின் மூடியைக் கழற்றுவதற்கு நீண்ட, நட்சத்திர முனையுள்ள தனித் திருப்புளி வேண்டியிருந்தது. திறந்த பெட்டி நல்லதா, மூடிய பெட்டி நல்லதா என்னும் வாதம் அன்று தொட்டு இன்று வரை முடிந்தபாடில்லை.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது ஒன்று உண்டு. சில மூடிகள் திறப்பதற்கென்றே செய்யப்பட்டவை; சில மூடிகள் திறவாதிருப்பதற்கென்றே செய்யப்பட்டவை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே முதற் பாடம்.

திறக்குமுன் ஒரு சொல்

கணினியைத் தொடுமுன் எமது சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனைச் சொல்வதில் எமக்குப் பெருமை யாதும் இல்லை.

எம் தாயார் காலமாவதற்கு முந்திய ஆண்டில், அவர் தமது சிறுபராயத்தைப் பற்றியும், ஊரில் இருந்த பழைய வீட்டைப் பற்றியும் பேசியதை நாற்பது நிமிடம் வரையிற் பதிவுசெய்து கணினியில் வைத்திருந்தோம். சில ஆண்டுகளின் பின், கணினியின் வன்தட்டை மாற்றிப் புதியது பூட்ட எண்ணினோம். முக்கியமானவற்றையெல்லாம் பென் டிரைவ் ஒன்றிற் பிரதி செய்தோம். புதிய தட்டைப் பூட்டினோம். பழைய தட்டை வெறுமையாக்கி, வேறு கோப்புகளை அதில் நிரப்பினோம். இரண்டு வாரங்களின் பின் தாயாரின் நினைவு நாளன்று அந்தக் குரலைக் கேட்கவேண்டும் என்று பென் டிரைவைத் திறந்தபோது, அங்கே இருந்தது குரல் அன்று, வெறும் குறுவழி. திரையில் நாம் காணும் சில படங்களின் மூலையில் சிறியதோர் அம்புக்குறி இருக்கும். அது பொருள் அன்று. பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டி மரம். கைகாட்டி மரத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டு ஊரையே கொண்டுவந்ததாக எண்ணியிருந்தோம்.

வெறுமையாக்கிய தட்டிற் புதிதாக எதனையும் எழுதாது அப்படியே வைத்திருந்தோமானால், வல்லுநர் ஒருவர் அதனை மீட்டிருக்கவும் கூடும். ஏனெனில் விரைவு முறையில் வெறுமையாக்கும்போது பெரும்பாலும் அட்டவணை மாத்திரமே அழிகிறது. பொருள் உடனே அழிவதில்லை. அதன்மேல் வேறொன்றை எழுதும்போதே அது அழிகிறது. நாம் எழுதிவிட்டோம். இயந்திரம் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை செய்தவர் நாமே. தாயாரின் முகத்தைப் படத்திற் காண்கிறோம். குரலைக் கேட்க வழியில்லை.

ஆதலின், மாணவ நண்பரே, முதல் விதி இதுவாகும்: கழற்றுமுன் பிரதி செய்க, பிரதி செய்தபின் அதனை வேறொரு கணினியிற் செருகித் திறந்து, கண்ணாற் கண்டு, காதாற் கேட்டு உறுதிசெய்க, பழைய தட்டை ஒரு மாதமாயினும் தொடாது பத்திரப்படுத்துக. விளையாட்டுப் பெட்டிக்கும் இவ்விதி உண்டு. பிளேஸ்டேஷன் 4 போன்றவற்றில் ஆட்டத்தின் சேமிப்புகளை யூ.எஸ்.பி. கருவி ஒன்றுக்கு மாற்றி வைக்கலாம். தம்பி தங்கையர் மாதக் கணக்கில் ஆடிச் சேர்த்த வெற்றி அது. அவர்களுக்கு அதுவும் ஒரு சொத்தே.

கணினியின் நடையை விரைவாக்கல்

இனிக் கணினிக்கு வருவோம். ஆமை போல நடக்கும் மடிக்கணினிக்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று நினைவகத்தைக் கூட்டுதல். மற்றையது சுழலும் வன்தட்டை நீக்கி, எஸ்.எஸ்.டி. என வழங்கும் திண்ம நிலைச் சேமிப்பகத்தைப் பூட்டுதல்.

எந்த மருந்து வேண்டுமென்பதை நாடி பார்த்தே அறிதல் வேண்டும். கணினியை இயக்கி, வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருள்களைத் திறந்துவிட்டு, விண்டோஸில் உள்ள பணி மேலாளரைப் பாருங்கள். நினைவகம் நிரம்பி வழிகிறதாயின் குறை அங்கே; தட்டு நூற்றுக்கு நூறு என்று நின்று திணறுகிறதாயின் குறை இங்கே. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு இருக்கிறது. அதன் வாசிப்பு முனை, ஒவ்வொரு துண்டையும் தேடி அங்கும் இங்கும் அசைய வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பு யாதும் இல்லை. சாற்றா என்னும் பழைய இணைப்பு வழியாகக்கூட அது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரை வாசிக்கும். எனவே பல வீடுகளில் இந்த ஒரு மாற்றமே கணினியைப் புதியது போல ஆக்கிவிடுகிறது.

நினைவகம் வாங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதலாவது, அந்தக் கணினியில் நினைவகத்தை மாற்ற முடியுமா? மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது தாய்ப்பலகையிலேயே பற்றாசு பிடித்து ஒட்டப்பட்டிருக்கும். இரண்டாவது, அது எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது? டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என மூன்றும் இன்று வீடுகளிற் காணப்படுகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மடிக்கணினித் தகட்டில் முறையே 204, 260, 262 தொடுமுனைகள் உள. அவற்றின் நடுவே உள்ள வெட்டும் வெவ்வேறு இடத்தில் அமைந்திருக்கிறது. வேண்டும் மின்னழுத்தமும் வேறு: முறையே 1.5, 1.2, 1.1 வோல்ற்று. மூன்றாவது, எவ்வளவு நினைவகத்தை அந்தக் கணினி ஏற்கும்? கணினியின் முழு மாதிரி இலக்கத்தை வைத்து, செய்தவர்களின் கைந்நூலிற் பார்த்தால் இவை மூன்றும் தெரியவரும். கடைக்குச் செல்லும்போது பழைய தகட்டையே கையிற் கொண்டு செல்வது இன்னும் நல்லது.

வேலையைத் தொடங்கும் முறை இது. கணினியை முழுதாக அணைத்து, மின் வயரைக் கழற்றுக. தூங்க வைத்தல் வேறு, அணைத்தல் வேறு. மூடியை மடித்து வைத்தால் அது அணைந்ததாகாது. நல்ல வெளிச்சமுள்ள மேசையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, அதன்மேற் கணினியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு காகிதத்திற் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அதே இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டி வைக்க வேண்டும். இதனை அற்பமென்று எண்ணற்க. கட்டையான திருகாணி இருந்த துளையில் நீளமானதை இறுக்கினால், அது உள்ளே சென்று பலகையையே துளைத்துவிடும். மூடியைத் திறந்தவுடன், மின்கலத்தின் இணைப்பை மெதுவாகக் கழற்றிவிட்டே மற்றவற்றைத் தொட வேண்டும். மின்கலம் பலூன் போல ஊதியிருப்பதைக் கண்டால் அங்கேயே நிறுத்துக. அதனைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. அது தீப்பற்றக்கூடிய பொருள். வல்லுநரிடம் கொடுத்து மாற்றுவதே வழி.

நிலைமின்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கதவுக் கைபிடியைத் தொடும்போது சுருக்கென்று ஒரு சிறு பொறி குத்துவதை நாம் உணர வேண்டுமாயின், நம் உடலில் ஏறத்தாழ 3,000 வோல்ற்று மின்னழுத்தம் சேர்ந்திருக்க வேண்டும். மென்மையான இலத்திரனியல் உறுப்புகளோ 100 வோல்ற்றிலும் குறைந்த அளவிலேயே பழுதடையக்கூடும். அதாவது, நமக்குத் தெரியாமலே நாம் ஒன்றைக் கொன்றுவிடலாம். நமது நாட்டின் ஈரக் காற்று இவ்விடயத்தில் நமக்கு நண்பன். ஆனாற் குளிரூட்டிய அறையில் அந்த நட்பு இல்லை. கம்பளத்தின்மேல் இருந்து வேலை செய்யாமலும், நைலோன் உடை உடுக்காமலும், அடிக்கடி பெரியதோர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொண்டும், தகட்டை அதன் ஓரங்களில் மாத்திரம் பிடித்தும் வேலை செய்தால் ஆபத்து மிகக் குறையும்.

மடிக்கணினியின் நினைவகத் தகட்டை நேராக அமுக்குதல் ஆகாது. ஏறத்தாழ 30 பாகை சாய்வாக வைத்து, பொன்னிறத் தொடுமுனைகள் மறையும் வரை உள்ளே தள்ளி, பின்பு கீழே அழுத்த வேண்டும். இரு பக்கத்துக் கொளுக்கிகளும் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். அந்த ஒலி கேட்கவில்லையாயின் வேலை முடியவில்லை என்பது பொருள்.

மூடி பூட்டி இயக்கியதும் திரை கறுப்பாகவே இருந்தால், பிள்ளை பதறுவான், தகப்பனார், “சொன்னேன் அல்லவா?” என்பார். இருவரும் பொறுக்க வேண்டும். புதிய நினைவகத்தைக் கண்டறிவதற்குச் சில கணினிகள் முதன்முறை சில நிமிடம் எடுக்கும். அதன் பின்னும் திரை விளங்காவிட்டால், மீண்டும் அணைத்துத் தகட்டைக் கழற்றிச் செருகுக. பூட்டிய பின் வேலை செய்யாத நினைவகங்களிற் பல, பழுதானவை அல்ல, சரியாக அமராதவை. அப்பொழுதும் சரிவராவிட்டால் பழைய தகட்டை மாத்திரம் செருகிப் பார்க்க வேண்டும். பின்பு புதியதை மாத்திரம். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எது செய்த வேலை என்பது எவருக்கும் விளங்காது.

விளையாட்டுப் பெட்டியின் காய்ச்சல்

அரை மணி நேரம் ஓடியதும் இரைந்து சூடேறி அணைந்துவிடும் பெட்டிக்குப் பெரும்பாலும் நோய் ஒன்றே: மூச்சுத் திணறல். பெட்டியின் உள்ளே ஒரு விசிறி, குளிர் காற்றை இழுத்து, உலோகச் செதில்களின் ஊடே செலுத்தி, வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வருடக்கணக்கான தூசி அச்செதில்களிற் கம்பளி போலப் படிந்தால் காற்றுப் போகாது. விசிறி அதிக வேகத்திற் சுழலும். அதுவே நாம் கேட்கும் இரைச்சல். அதுவும் போதாதபோது, பெட்டி தன் உயிரைக் காக்கத் தானே அணைகிறது. ஆகவே, தானாக அணைவது பெட்டியின் பிடிவாதம் அன்று; அது நமக்குச் செய்யும் எச்சரிக்கை.

இந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 2005ஆம் ஆண்டில் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் எக்ஸ்பொக்ஸ் 360 என்னும் பெட்டியை வெளியிட்டது. பல வீடுகளில் அதன் முகப்பிலே மூன்று செவ்விளக்குகள் எரிந்து, பெட்டி செயலற்றுப் போயிற்று. இயக்கும்போது சூடேறுவதும் அணைக்கும்போது ஆறுவதுமாக மாறி மாறி நிகழ, உள்ளே சில்லுகளைத் தாங்கும் நுண்ணிய இணைப்புகள் வெடித்துப் போனமையே காரணம். 2007 ஜூலையில் அந்நிறுவனம் இக்குறைக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டியது. அதற்கென ஒதுக்கிய தொகை 100 கோடி அமெரிக்க டொலருக்கும் அதிகம். அக்காலத்தில் ஒரு மூட வைத்தியமும் பரவியது: பெட்டியைத் துவாயாற் சுற்றி, வேண்டுமென்றே சூடேற்றினால் மீண்டும் உயிர் பெறும் என்றார்கள். சிற்சில வேளை ஒரு நாள் இரு நாள் ஓடியும் இருக்கும். ஆனால் வெப்பத்தால் வந்த நோய்க்கு வெப்பத்தையே மருந்தாக்கிய அச்செயல், பெட்டியை நிரந்தரமாகக் கெடுத்ததுடன், வீடு தீப்பற்றும் அபாயத்தையும் உண்டாக்கியது.

இவ்வாறே இன்னொரு கதையும் உண்டு. 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நின்டென்டோ பெட்டியில் ஆட்டப் பேழை சரியாகத் தொடாவிட்டால், செவ்விளக்கு விட்டுவிட்டு மின்னும். உள்ளே இருந்த காவற் சில்லு, பேழையோடு பேச முடியாமற் பெட்டியை மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்கே திருப்பியதே அம்மினுக்கம். பிள்ளைகள் பேழையைக் கழற்றி, வாயால் ஊதி, மீண்டும் செருகுவார்கள், ஆட்டம் ஓடும். ஊதியதே மருந்து என்று ஒரு தலைமுறை நம்பியது. உண்மையிற் பலன் தந்தது கழற்றி மீண்டும் செருகியமையே. அப்பொழுது 72 தொடுமுனைகளும் புதிதாகப் பொருந்தின. வாய் ஈரமோ உலோகத்தை அரித்தது. ஊதுதல் கூடாதென நின்டென்டோ நிறுவனமே பின்னர் அறிவுறுத்தியது. குணமானது உண்மை, காரணம் பொய். வீட்டு வைத்தியம் பலவற்றின் கதை இதுவே.

ஆகவே, காய்ச்சற் பெட்டிக்குச் செய்ய வேண்டுவது இது. முதலாவது, அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். அலுமாரிக்குள்ளே, சுவரோடு ஒட்டி, மேலே புத்தகம் அடுக்கி வைத்திருந்தால், எந்தத் திருப்புளியும் வேண்டாம். இடத்தை மாற்றினாற் போதும். இரண்டாவது, மின்சாரத்தை நீக்கிவிட்டு, காற்றுத் துவாரங்களை மென்மையான தூரிகையாலும், தூசி உறிஞ்சும் இயந்திரத்தாலும் வெளியிலிருந்தே துப்புரவு செய்க. பிளேஸ்டேஷன் 5இல், பக்க மூடிகளைக் கையால் நீக்கினால் விசிறியும், தூசி சேர்வதற்கென்றே அமைத்த துளைகளும் தெரியும். அவற்றின் வழியே தூசியை உறிஞ்சி எடுக்கலாம். காற்று ஊதியைப் பயன்படுத்துவதாயின், விசிறியின் இதழை விரலால் அல்லது குச்சியாற் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டின்றிச் சுழல விட்டால் விசிறி பழுதாகும்.

இவ்வளவிற் குணமாகாவிட்டால், சில்லுக்கும் உலோகத்துக்கும் இடையே பூசிய வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். அதனை மாற்றுவது இரண்டாம் வகுப்புப் பாடம். முதல் நாளிற் செய்யத்தக்கதன்று. பிளேஸ்டேஷன் 5இலோ பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கிறது. அது மின்னைக் கடத்தும். ஒரு துளி பலகையிற் சிந்தினாலும் கேடு. அதைத் தொடாதிருப்பதே அறிவு.

படம் தெரியவில்லையா?

பெட்டி இயங்குகிறது, விளக்கும் எரிகிறது, ஆனாற் தொலைக்காட்சியிற் படம் இல்லை என்பது அடிக்கடி கேட்கும் மற்றொரு முறைப்பாடு. இதற்கு வெளியிலிருந்து உள்ளே செல்லும் ஒழுங்கைப் பின்பற்றுக. தொலைக்காட்சியிற் சரியான உள்ளீடு தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா? எச்.டி.எம்.ஐ. வயரை மாற்றினால் என்ன நிகழ்கிறது? வேறொரு தொலைக்காட்சியிற் செருகினால்? இவை மூன்றுக்கும் ஒரு சதமும் செலவில்லை. பின்பு, பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றைப் பாதுகாப்பு முறையில் இயக்கலாம்: பெட்டியை முழுதாக அணைத்து, மின் பொத்தானை இரண்டாவது ஒலி கேட்கும் வரை, ஏறத்தாழ 7 விநாடி, அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கே திரையின் தெளிவளவைக் குறைக்கவும், தரவுத் தளத்தை மீளமைக்கவும் வழியுண்டு. அதே பட்டியலில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையும் இருக்கிறது. வாசியாமல் எதனையும் அழுத்தற்க. இத்தனைக்குப் பின்னும் படம் வராது, செருகுமிடமும் ஆடுகிறதாயின், உள்ளே ஊசிமுனைகள் வளைந்திருக்கலாம். அது நுண்பற்றாசு வேலை. தொழில் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

கைப்பிடியிலுள்ள குச்சியைத் தொடாமலே ஆட்டத்தில் உருவம் தானாக நகர்கிறதா? பல கைப்பிடிகளில் அக்குச்சியின் கீழே, கரிப்படலத்தின்மேல் ஓர் உலோக நாக்கு உராய்ந்து செல்கிறது. உராய உராயப் படலம் தேய்கிறது, நடுநிலை பிறழ்கிறது. 2017இல் வந்த நின்டென்டோ ஸ்விச்சின் கைப்பிடிகளில் இம்முறைப்பாடு மிகுந்ததனால், 2020 ஜூனில் அந்நிறுவனத் தலைவர் பங்குதாரர் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டார். 1879இல் எட்வின் ஹோல் கண்டறிந்த காந்த விளைவைப் பயன்படுத்தும் குச்சிகளில் இவ்வுராய்வு இல்லை. 1998இல் வெளிவந்த ட்ரீம்காஸ்ட் பெட்டியின் கைப்பிடியிலேயே அது இருந்தது. இப்பொழுது அத்தகைய குச்சிகள் தனியாகவும் கிடைக்கின்றன.

ஒருபோதும் திறவாதவை

மின்வழங்கிப் பெட்டியை, அஃது எந்தக் கருவியில் இருந்தாலும், திறத்தல் ஆகாது. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அதனை நேரோட்டமாக மாற்றும்போது உள்ளே இருக்கும் கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற்று சேர்கிறது. வயரைக் கழற்றிய பின்னும் அது சில நேரம் அங்கே நிற்கலாம். இது கருவியைப் பற்றிய எச்சரிக்கை அன்று, உயிரைப் பற்றியது. மாணவர் எவரும் இதில் வீரம் காட்ட வேண்டா.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பெட்டிகளையும் கவனிக்க வேண்டும். யப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று. அந்நாட்டுக்கென்று செய்த பழைய பெட்டிகளை நமது சுவரிற் செருகினால் அக்கணமே கருகிவிடும். அடியிலுள்ள சீட்டில் 100 முதல் 240 வோல்ற்று என்று இருந்தால் அச்சமில்லை. 100 என்று மாத்திரம் இருந்தால், தக்க நிலைமாற்றி இன்றிச் செருகுதல் கூடாது.

மின்வெட்டும் இடியும் நமக்குப் புதியன அல்ல. 2022 மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். தட்டிற் கணினி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றாற் கோப்புகள் சிதையும். மீண்டும் வரும்போது மின்னழுத்தம் பாய்ந்தால் உறுப்புகள் கெடும். எனவே மின்சாரம் போனவுடன் சுவிச்சை அணைத்து, அது வந்து சில நிமிடம் சென்ற பின்பே இயக்குக. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் மாலையில் இடி முழங்கும்போது, சுவிச்சை அணைத்தால் மாத்திரம் போதாது. பிளக்கையே கழற்ற வேண்டும். தொலைபேசிக் கம்பி, அன்ரெனாக் கம்பி ஆகியவற்றையும் கழற்றுக. மின்னல் அவ்வழியாலும் வரும்.

தீர்ப்பு

அம்மையீர், இனித் தங்கள் வழக்குக்கு வருவோம். விளையாட்டுப் பெட்டியைத் துப்புரவு செய்யவும், மடிக்கணினிக்கு நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் பூட்டவும் மகனுக்கு அனுமதி கொடுங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லையாயின் அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். குடும்பப் படங்களையும் குரல்களையும் இரண்டு இடங்களிற் பிரதி செய்து காட்டிய பின்பே அவன் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். மின்வழங்கியை அவன் தொடமாட்டான் என்று வாக்குறுதி வாங்குங்கள்.

தகப்பனாருக்கும் ஒரு வேலை உண்டு. அவர் விலகி நின்று பார்க்க வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து டோர்ச் லைட்டைப் பிடிக்கலாம். கழற்றிய திருகாணிகளை எண்ணிக் காகிதத்தில் ஒட்டலாம். அந்தக் காலத்தில் சைக்கிளையும் வானொலிப் பெட்டியையும் கழற்றிப் பூட்டிய கை அவருடையதாகவே இருக்கும். எந்தத் திருகாணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அக்கைக்குத் தெரியும். அதனை மகனுக்குப் புத்தகம் சொல்லித் தராது.

முதன்முறை திரை கறுப்பாகவே இருக்கவும் கூடும். அப்பொழுது இருவரும் ஒருவரையொருவர் குறை கூறாது, தகட்டைக் கழற்றி மீண்டும் செருகிப் பார்க்கட்டும். வேலை முடிந்ததும், அந்தக் கணினியிலே தங்கள் குரலையும் அவர்கள் இருவருடைய குரலையும் ஒருமுறை பதிவு செய்து, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். எமக்குக் கிட்டாமற் போனது தங்கள் பிள்ளைக்குக் கிட்டட்டும்.